ஆயில் குறையாத கார்

ராசிபுரத்தில் என் மாமாவிடம் 27 வயதான சின்னக் கார் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய ரகக் கருவி கொண்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, அந்தக் காலத்துச் சின்ன பெட்ரோல் கார்கள் இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே ரகம்தான். போன வருஷம் போயிருந்தபோது பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். "பாரு மாப்ளே, ஆறு மாசமா ஒரு சொட்டு ஆயில் ஊத்தல. அளவு அப்படியே நிக்குது."

அப்படியே நிற்கவில்லை. மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. அந்த வயது இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். குறையாமல் இருப்பதே சந்தேகம், ஏறுவது அதைவிட மோசம். வண்டி சர்வீஸுக்குப் போனபோது மெக்கானிக் அந்தக் குச்சியை மாமாவின் மூக்கருகே நீட்டினார்: "அண்ணா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க." பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. "ஆயில் குறையலைன்னு சந்தோஷப்படாதீங்கண்ணா. குறைஞ்ச இடத்துல பெட்ரோல் வந்து நிக்குது."

பழைய சின்னக் கார் ஒன்றில் 'இன்ஜின் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தக் குச்சிதான் நினைவுக்கு வருகிறது. இன்ஜின் தன் வயதால் மட்டும் சாவது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு வெளியே, சில நூறு ரூபாய் பெறுமான ஒரு ரப்பர் துண்டோ, அடைத்துப்போன ஒரு துளையோ, மாதக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். செலவு வரும்போது மட்டும் இன்ஜின் பேரில் வரும்.

இதைப் புரிந்துகொள்ள வசதியான மாதிரி மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றபோது 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் கால்வாசி பலம் போகும். இதில் மூன்றில் ஒரு பங்கு போய், ஸ்டியரிங்கிலிருந்து சீட் வரை உதறும். அதனால் சின்னக் கார் ஓட்டுகிறவருக்கு 'மிஸ்ஸிங்' என்ற சொல் சீக்கிரமே பழகிவிடும். ஆரம்ப காலத்து வண்டிகளுக்கு இங்கே கார்புரேட்டர் செய்துகொடுத்தது சென்னையை அடுத்த மறைமலைநகரின் யூகால் நிறுவனம், ஜப்பானின் மிக்குனியோடு கூட்டு வைத்து. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரியும்.

அந்த அமைப்பில் பெட்ரோல் வரும் வழி மிக எளிது. பின்னால் டேங்க். முன்னால் இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கிய மெக்கானிக்கல் பம்ப். இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் இருக்கும் ஒரு மேடு பம்பின் கையைத் தள்ளத் தள்ள, உள்ளே ரப்பர் பூசிய துணியாலான டயாஃப்ரம் மேலும் கீழும் போய்ப் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே 3000 ஆர்பிஎம்மில் பம்பின் கை நிமிடத்துக்கு 1500 முறை ஆடும். வருஷங்கள் ஆக ஆக அந்த ரப்பர் விறைத்துப்போய், ஊசிமுனை அளவுக்கு வெடிப்பு விடும்.

டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் பெட்ரோல். மறுபக்கம் இன்ஜினின் உள்வயிறு. வெடிப்பு வழியே கசியும் பெட்ரோலில் ஒரு பங்கு நேராக ஆயிலில் கலக்கும். சில பம்புகளில் வெளியே சொட்டுவதற்கென்று ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதில் ஈரம் தெரிந்தால் புண்ணியம். அந்த ஓட்டையையே அழுக்கு மூடிக்கொண்டால் எல்லாம் உள்ளேதான். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராய் இளகும். கிராங்க் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் மிதப்பது ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல்தான். படலம் இளகினால் முதலில் ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கும். அப்புறம் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தபின் பம்பை மாற்றி என்ன பயன்? கிராங்க் லேத்துக்குப் போயாக வேண்டும்.

மாமாவின் வண்டி சத்தத்துக்கு முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. பம்பும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதோடு சரி.

இதேபோல இன்னொரு சங்கிலி இருக்கிறது. என் கணக்கில் சின்னக் கார் இன்ஜின்களை அதிகம் கொன்றது அதுதான். அதன் முதல் கண்ணி கார்புரேட்டரின் ஜெட். பெட்ரோலை அளந்து விடும் ஊசித்துளை கொண்ட பித்தளைத் துண்டு. டேங்கின் துரு, பாதி மட்கிய பெட்ரோலின் பிசின், மலிவு ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி, எதுவும் அதை அடைக்கலாம். அடைத்ததும் காலையில் வண்டி இருமும், பிக்கப் இருக்காது. ஓட்டுகிறவர் ஒரு வழி கண்டுபிடிப்பார்: சோக்கைப் பாதி இழுத்துவிட்டால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது! ஜெட்டைச் சுத்தம் செய்வதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, பாதிச் சோக்கிலேயே ஆபீஸ் போய் வருவார்.

சோக் என்பது காற்றை மறித்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு. குளிர்ந்த இன்ஜினுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தேவைப்படும் சமாசாரம். சூடான இன்ஜினில் தினமும் இழுத்துவைத்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து அங்கிருக்கும் ஆயில் பூச்சைக் கழுவிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வறட்டுச் சுவரில் தேயும். ப்ளக் கறுக்கும், சைலன்சரில் முதலில் கரும்புகை. சில மாதம் கழித்து அதுவே நீலமாகும். கருமை பெட்ரோல் அதிகம் என்பதற்கு, நீலம் ஆயில் எரிகிறது என்பதற்கு. நீலத்தைப் பார்த்த பிறகுதான் நம்மவர் மெக்கானிக்கிடம் போவார். ரிங், போரிங், வால்வு கிரைண்டிங் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஜெட் என்ற சொல்லே இருக்காது. அதைத் திறந்து ஊதாமல் இன்ஜினை மட்டும் புதுப்பித்துக் கொண்டுவந்தால், வண்டி மறுபடி இருமும், சோக் மறுபடி வெளியே வரும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்), அது சூடேறும் வரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று அதை எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எடுத்துவிட்டால் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், அதுவரை சோக் தேவைப்படும், பெட்ரோல் ஆயிலில் கலப்பதும் கூடும். வெயிலுக்குப் பயந்து குளிர் நோயை வரவழைத்துக்கொள்வது இது.

பெட்ரோல் அதிகமானால் இந்தக் கதை. குறைந்தால் நடப்பது வேறு, அது வேகமாகவும் நடக்கும்.

ராசிபுரத்துக்காரர்களுக்குக் கொல்லிமலை பக்கம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை மதியத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கார் அதில் ஏறினால் பாதி வழியில் சில சமயம் மூச்சுத் திணறி நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். இதுதான் வேப்பர் லாக். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும், பானெட்டுக்குள் இருக்கும் சூடோ அதைவிட வெகு அதிகம். போதாததற்கு மெக்கானிக்கல் பம்ப் டேங்க் பக்கமிருந்து பெட்ரோலைத் தள்ளுவதில்லை, முன்னால் இருந்துகொண்டு உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் ஆவியாவது இன்னும் சுலபம். திரவத்தைத் தூக்கப் பிறந்த பம்ப் ஆவியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஈரத்துணி வைத்தியம் மூடநம்பிக்கை இல்லை, சரியான இயற்பியல்.

வண்டி நின்றுபோனால்கூட நல்லதுதான். நிற்காமல், தேவையைவிடக் குறைந்த பெட்ரோலோடு முக்கி முக்கி ஏறுவதில்தான் ஆபத்து. ஒரு பங்கு பெட்ரோலை முழுக்க எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் முழுச் சுமையில் ஏறும் இன்ஜினுக்கு வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி, காற்றை 12, 13 பங்குக்குக் கொண்டுவருவார்கள். அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தருகிறது. அடைத்த ஃபில்டரோ சோர்ந்த பம்போ அந்த உபரியைப் பறித்தால் எரியும் சூடு ஏறும். கலவை இன்னும் மெலிந்தால் மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருக்கும், அது வால்வின் விளிம்பை நாக்கால் நக்குவதுபோல் அரிக்கும். ஏற்றத்தில் சில்லறையைக் குலுக்கும் 'கிளிங் கிளிங்' ஓசை கேட்டால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது, தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த ரகக் கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு தாங்காமல் அது நூலளவு வளைந்தாலும் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும். கூலன்ட் சிலிண்டருக்குள் போகும், சைலன்சரில் விடாமல் வெண்புகை, ஆயில் மூடியைத் திறந்தால் பால்காபி நிறத்தில் நுரை. அதன்பின் ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் போடுவதைத் தவிர வழியில்லை.

கேஸ்கெட் போனால் எல்லோரும் ரேடியேட்டரைத்தான் குற்றம் சொல்வார்கள். பல சமயம் அது சரியும்கூட. ஃபேன் மோட்டாரும் உப்புநீர் ஊற்றிய ரேடியேட்டரும் செய்த கொலைகள் கணக்கில் அடங்காது. ஆனால் கூலன்ட் அளவும் ஃபேனும் சரியாக இருந்து கேஸ்கெட் போயிருந்தால் பெட்ரோல் வரத்தையும் பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் குறைவு.

பெட்ரோல் போதுமான அளவு வந்தாலும் அது பெட்ரோல்தானா என்ற கேள்வி ஒன்று நீண்ட காலம் இருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வருஷங்களில் கலப்படம் ஒரு தொழிலாகவே நடந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே அது வழிமாறிப் போவதைக் கண்டுபிடிக்கத்தான். கலப்படம் செய்த பங்க்கை மூடி சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) இறங்கும், நாக்கிங் வரும், பிஸ்டன் தலையில் கரி படியும். இன்றும் சந்தேகம் வந்தால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம், கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் காய வேண்டும்.

இப்போதைய பேச்சு மண்ணெண்ணெய் பற்றியதல்ல, எத்தனால் பற்றியது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்தார். 2025இல் அது நாடு முழுக்கச் சாதாரணப் பெட்ரோலாகவே ஆகிவிட்டது. இ20 மட்டுமே விற்கக் கூடாது, கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 'இன்ஜின் எல்லாம் கரைஞ்சு போயிடும்' என்று ஒரு கட்சி, 'ஒண்ணும் ஆகாது' என்று ஒரு கட்சி. இரண்டுமே வண்டியின் வயதைக் கேட்காமல் பேசுகின்றன.

வயதைக் கேட்டால் விடை மாறும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்கு 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதம் கலந்தால் தேவை சுமார் 13.5க்கு இறங்கும். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில், புகையில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இதை மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. ஜெட்டின் துளை 1990இல் எவ்வளவோ இன்றும் அவ்வளவே. ஆக, அதே ஜெட், அதே வண்டி, ஏழெட்டு சதவீதம் மெலிந்த கலவை. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் இதைத் தாங்கிக்கொள்ளும், எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் நாக்கிங்கைக் குறைக்கவும் செய்யும். ஏற்கெனவே பாதி அடைத்த ஜெட்டோடு ஓடிய வண்டிக்கோ இது இன்னொரு பாரம். கூடவே எத்தனால் ஒரு நல்ல கழுவி. 20 வருஷமாக டேங்க் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினையும் அழுக்கையும் இளக்கி ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை இல்லை, ஊறிப் பருத்து வெடிக்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டி மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது, செலவு அதிகமில்லை என்ற குறிப்போடு. ரப்பரின் விலையை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். மாற்றாமல் விட்டால் எவ்வளவு என்பதுதான் இவ்வளவு நேரம் பேசிய விஷயம்.

மைலேஜும் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 சதவீத எத்தனால் கலந்த இ10க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு வேறு தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் படியும். பெட்ரோல் எடுக்கும் குழாயின் வாய் இருப்பதும் அதே அடியில்.

'இன்ஜெக்ஷன் வண்டிதானே, எனக்கு இதெல்லாம் இல்லை' என்று நினைப்பவர்களுக்கும் வயது ஏறிவிட்டது. யூரோ புகை விதிகள் வந்த 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சின்னக் கார்களும் எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்ஷன் முறைக்கு மாறின. அவற்றில் மூத்தவை இன்று கால் நூற்றாண்டைத் தொட்டவை. பம்ப் டேங்குக்குள் போய்விட்டது, மின்சாரத்தில் ஓடுகிறது, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் ரிசர்வில் 200 ரூபாய்க்குப் போட்டு ஓட்டுகிறவர் பம்பைச் சூட்டில் வேகவைக்கிறார். சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது முனகலாக மாறினால் பம்ப் நாளை எண்ணுகிறது.

ஆனால் இன்ஜெக்ஷனில் எனக்குப் பிடிக்காதது வேறு. கார்புரேட்டர் நோய் வந்தால் இருமும். இன்ஜெக்ஷன் மறைக்கும். மூன்று சிலிண்டரின் புகையும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. ஒரு இன்ஜெக்டர் மட்டும் பாதி அடைத்தால் சென்சாருக்குத் தெரிவது சராசரி மட்டுமே. 'பெட்ரோல் குறைவு' என்று நினைத்து ஈசியு (வண்டியின் கம்ப்யூட்டர்) மூன்றுக்கும் கூட்டிவிடும். இரண்டு சிலிண்டர் தேவைக்கு மேல் குடிக்கும், அடைத்த ஒன்று அப்போதும் பட்டினி கிடக்கும். மைலேஜ் லேசாகக் குறைவதைத் தவிர ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டினி கிடந்த சிலிண்டரின் வால்வு கருகிய பிறகுதான் மிஸ்ஸிங் வரும்.

அப்போதும் முதல் தீர்ப்பு 'இன்ஜின் வேலை' என்றே வரும். அதை ஏற்குமுன் மூன்று ப்ளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நலம். இரண்டு கறுத்து ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் கதை இன்ஜெக்டரில் இருக்கிறது. மூன்றும் வெளுத்திருந்தால் ஃபில்டர், பம்ப், ஹோஸ். அப்புறம் டிப்ஸ்டிக்கை மோந்து பார்ப்பது, காசு கேட்காத சோதனை. ஃபியூவல் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ் இரண்டும் மெக்கானிக்கிடம் இருக்கும், போட்டுக் காட்டச் சொல்லலாம். கம்ப்ரஷனில் எண்ணைவிட மூன்றுக்குமிடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. இதையெல்லாம் செய்யாமல் நேராக இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்க நான் தயங்குவேன்.

மாமா இப்போது என்னிடம் கொஞ்சம் கோபமாக இருக்கிறார். புது பம்ப் போட்டபின் மாதத்துக்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறதாம். "ஒழுங்கா இருந்த வண்டிய நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்துட்டீங்க மாப்ளே" என்கிறார்.